மகனுக்கு வெரிகோசிலா? கத்திக்கு முன்னால் அளவுகோல்

என் மகன் எட்டாம் வகுப்பு முடிக்கும்போது, "இடது பக்கம் என்னமோ கனமா இருக்குப்பா" என்றான். அதைச் சொல்ல அவனுக்கு மூன்று மாதம் ஆகியிருக்கிறது. பயிற்சிக்குப் போகாமல் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்த காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. முதலில் போன மருத்துவமனையில் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, அடுத்த வாரமே அறுவை சிகிச்சை என்று தேதி குறித்தார்கள். இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர், "இதெல்லாம் ஒன்றுமில்லை, கல்யாணத்துக்கு அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். இரண்டுமே சரியில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு நானும் என் மனைவியும் கற்றுக்கொண்டதை, இப்போது அதே இடத்தில் நிற்கும் பெற்றோருக்காகவும் பையன்களுக்காகவும் எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வளரும் வயதில் வெரிகோசில், அதாவது விரைப்பையில் சிரைகள் புடைப்பது, வந்தால் கேட்க வேண்டிய கேள்வி, "அந்தப் பக்கத்து விரை ஒழுங்காக வளர்கிறதா?" என்பதுதான். ஒரே ஒரு தடவை அளந்து இதற்குப் பதில் சொல்ல முடியாது.

இது என்ன, ஏன் இடது பக்கம்?

காலில் வரும் நரம்புச் சுருட்டு எல்லோருக்கும் தெரியும். வெரிகோசில் அதே சங்கதிதான், இடம் மட்டும் விரைப்பை. விரையிலிருந்து ரத்தத்தை மேலே திருப்பி எடுத்துப்போகும் சிரைகள் கொடிபோல ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். அவற்றுக்குள் ரத்தம் கீழே இறங்காமல் தடுக்கும் சிறு வால்வுகள் சரியாக மூடாவிட்டால், ரத்தம் தேங்கிச் சிரைகள் புடைத்துவிடுகின்றன.

வலப்பக்கச் சிரை வயிற்றிலுள்ள பெருஞ்சிரையில் சாய்வாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இடப்பக்கச் சிரை அதைவிட நீளம். அது மேலே ஏறி, இடது சிறுநீரகத்திலிருந்து வரும் சிரையில் ஏறக்குறைய செங்கோணத்தில் முட்டுகிறது. அந்தச் சிறுநீரகச் சிரையும் இரண்டு பெரிய தமனிகளுக்கு நடுவே நெருக்குண்டு போவது. அழுத்தம் அங்கே கூடும்போது இடப்பக்கம் தாங்காது. அதனால்தான் வெரிகோசில் பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு இடது பக்கத்தில் வருகிறது.

விரை உடல் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி குறைவாக இருந்தால்தான் நன்றாக வேலை செய்யும். கொடிபோல் பின்னிய அந்தச் சிரைகளின் வேலையே, உள்ளே வரும் தமனி ரத்தத்தின் சூட்டை வாங்கிக்கொள்வதுதான். ரத்தம் தேங்கினால் அந்தக் குளிர்ச்சி போய்விடும். விந்தணு உருவாவதும் விரை வளர்வதும் பாதிக்கப்படுவதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுவது இதுதான். 2000 ஆண்டுகளுக்கு முன்பே ரோமாபுரியின் செல்சஸ், சிரை புடைத்த பக்கத்து விரை மற்றதைவிடச் சிறுத்துப்போவதைக் குறித்துவைத்திருக்கிறார்.

10 வயதுக்கு முன்னால் இது அரிது. 15 வயதுக்குள் நூற்றில் சுமார் 15 பேருக்கு வந்திருக்கும். ஒரு வகுப்பில் 40 பையன்கள் இருந்தால் ஐந்தாறு பேருக்கு இருக்கும், அவர்களில் பலருக்கு அது தெரியாது. இவர்களில் பெரும்பாலானோர் பிற்காலத்தில் எந்தச் சிகிச்சையும் இல்லாமல் அப்பாவாகிவிடுகிறார்கள். ஆனால் முதல் குழந்தைக்கே வழியில்லாமல் சோதனைக்கு வரும் ஆண்களில் 35 முதல் 40 சதவீதம் பேருக்கு வெரிகோசில் இருக்கிறது. இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும். முதலாவதை மட்டும் பார்த்தால் அலட்சியம் வரும், இரண்டாவதை மட்டும் பார்த்தால் பீதி வரும்.

முதல் படி: பையனிடம் பேசுவது

மற்ற எல்லாப் படிகளையும்விட எங்களுக்குக் கடினமாக இருந்தது இதுதான். நம் வீடுகளில் இந்த உறுப்புக்கு வாய்விட்டுச் சொல்ல ஒரு பெயர்கூட இருப்பதில்லை. பையன்கள் இதை ஏதோ தங்கள் தப்பால் வந்தது என்று நினைத்துப் புழுங்குகிறார்கள். அவனிடம் நேராகச் சொல்லுங்கள்: உன் எந்தப் பழக்கத்தாலும் இது வரவில்லை, சைக்கிள் ஓட்டியதாலும் வரவில்லை, இது ரத்தக்குழாய் அமைப்பில் வருவது, உன் வகுப்பிலேயே இன்னும் சிலருக்கு இருக்கும். என் மகன் இதைக் கேட்டதும் விட்ட பெருமூச்சை நான் மறக்க மாட்டேன்.

ஆண்மைக் குறைவுக்கு மருந்து என்று விளம்பரம் செய்துகொண்டு மாதம் ஒரு முறை லாட்ஜில் வந்து தங்குகிறவர்களிடம் மட்டும் தயவுசெய்து போகாதீர்கள். பையன் தனியாகப் போய் மாட்டிக்கொள்வதும் நடக்கிறது. லேகியமோ தைலமோ புடைத்த சிரையின் வால்வைச் சரிசெய்யாது.

இரண்டாம் படி: அவசரமா, இல்லையா?

வெரிகோசில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலித்தாலும் மந்தமான இழுப்பு, கனம் என்றுதான் இருக்கும். வெகுநேரம் நின்றாலோ விளையாடினாலோ கூடும், படுத்தால் குறையும். விரைக்கு மேலே ஒரு பைக்குள் புழுக்கள் சுருண்டு கிடப்பது போலத் தட்டுப்படும், படுத்தவுடன் வடிந்துவிடும்.

கீழே சொல்பவை வேறு கதை:

- திடீரென்று கடுமையான வலி, கூடவே வாந்தி: விரை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் சரிசெய்யாவிட்டால் விரையையே இழக்க நேரிடும். இரவு இரண்டு மணியானாலும் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுங்கள்.
- விரையிலேயே கல்போன்ற கட்டி.
- வலப்பக்கம் மட்டும் புடைப்பு, படுத்தாலும் வடியாத புடைப்பு, சில நாள்களில் திடீரென வந்த புடைப்பு, 10 வயதுக்கு முன்னாலேயே வந்த புடைப்பு: வயிற்றுக்குள் ஏதாவது கட்டி சிரையை அமுக்குகிறதா என்று பார்க்க, சிறுநீரகத்தோடு சேர்த்து வயிற்று ஸ்கேன் எடுக்க வேண்டும்.

இவை எதுவும் இல்லையா? அப்படியென்றால் உங்களுக்கு நேரம் இருக்கிறது. நிதானமாக மருத்துவரைத் தேடலாம்.

மூன்றாம் படி: யாரிடம் காட்டுவது, என்ன செய்வார்கள்

யூராலஜி (சிறுநீர்ப் பாதை, ஆண் உறுப்புகள்) மருத்துவரிடம் போங்கள். பையன் சிறியவன் என்றால் குழந்தைகள் அறுவை சிகிச்சை மருத்துவரும் பார்ப்பார். சென்னை ராஜீவ் காந்தி, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், மதுரை ராஜாஜி ஆகிய அரசு மருத்துவமனைகளில் யூராலஜித் துறை உண்டு. காலையில் போய் ஓபி சீட்டு வாங்கி உட்கார்ந்தால் செலவில்லாமல் பார்த்துவிட்டு வரலாம்.

பையனை நிற்க வைத்தும் படுக்க வைத்தும் பார்ப்பார்கள். மூச்சை அடக்கி முக்கச் சொல்வார்கள். முக்கும்போது மட்டும் கைக்குத் தட்டுப்பட்டால் முதல் நிலை. முக்காமலே தட்டுப்பட்டால் இரண்டாம் நிலை. தொடாமலே கண்ணுக்குத் தெரிந்தால் மூன்றாம் நிலை. கைக்குச் சிக்காமல் ஸ்கேனில் மட்டும் தெரிவதற்கு இந்த வயதில் அறுவை சிகிச்சை தேவைப்படுவதில்லை. பரிசோதனை அறையில் பெற்றோரில் யார் இருக்க வேண்டும், யாரும் வேண்டாமா என்பதைப் பையனே சொல்லட்டும்.

சில மருத்துவர்கள் மணிமாலைபோன்ற ஒரு கருவியை எடுப்பார்கள். 1 மில்லியிலிருந்து 25 மில்லி வரை பன்னிரண்டு முட்டை வடிவ மணிகள் அதில் கோத்திருக்கும். விரையைக் கையால் தொட்டு, எந்த மணியோடு ஒத்துப்போகிறது என்று பார்ப்பார்கள். 4 மில்லி மணியை எட்டினால் பருவம் தொடங்கிவிட்டது என்று பொருள். வளர்ந்த ஆணுக்கு 15 முதல் 25 மில்லி இருக்கும். இந்த நாலுக்கும் இருபதுக்கும் இடைப்பட்ட ஓட்டம் முழுக்கச் சில வருடங்களில் நடந்து முடிகிறது. நாம் கவலைப்படுவதும் காவல் காப்பதும் அந்தச் சில வருடங்களைத்தான்.

நான்காம் படி: ஸ்கேன் அறிக்கையை நீங்களே படியுங்கள்

மணிமாலை தோராயமானது. துல்லியத்துக்கு அல்ட்ராசவுண்ட் வேண்டும். ரத்த ஓட்டத்தையும் பார்க்க டாப்ளர் சேர்த்து எழுதித் தருவார்கள். அறிக்கை வந்ததும் எல்லோர் கண்ணும் சிரையின் பருமனுக்குப் போகிறது. "3.4 மில்லிமீட்டராம், ரொம்பப் பெரிசாம்" என்று பதறுகிறோம். நானும் பதறினேன். நீங்கள் தேட வேண்டியது அதற்கு மேலேயோ கீழேயோ இருக்கும் இரண்டு வரிகளை. வலது விரை, இடது விரை என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் நீளம், அகலம், கனம் என மூன்று அளவுகள் கொடுத்திருப்பார்கள். கொடுக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

மூன்றையும் பெருக்கி, 0.71 ஆல் பெருக்கினால் கொள்ளளவு மில்லியில் வரும். ஒரு கணக்கைப் பார்ப்போம். வலது 4.0 × 2.5 × 2.0 சென்டிமீட்டர் என்றால் 14.2 மில்லி. இடது 3.6 × 2.2 × 1.8 என்றால் 10.1 மில்லி. வித்தியாசம் 4.1. அதை வலதின் அளவால் வகுத்து நூறால் பெருக்கினால் 29 சதவீதம். இடது பக்கம் 29 சதவீதம் பின்தங்கியிருக்கிறது.

மருத்துவர்கள் கோடு போடும் இடம் 20 சதவீதம், அல்லது 2 மில்லி வித்தியாசம். அதைத் தாண்டினால் கவனம் கூடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சில ஸ்கேன் கருவிகள் 0.71க்குப் பதிலாக 0.52 என்ற எண்ணை வைத்துக் கணக்கிடும். அதே விரைகள் அப்போது 10.4 மில்லியாகவும் 7.4 மில்லியாகவும் அறிக்கையில் வரும். சென்ற முறை 14, இந்த முறை 10, விரை சுருங்கிவிட்டது என்று நெஞ்சு படபடக்கும். உண்மையில் சூத்திரம்தான் மாறியிருக்கிறது. சதவீதம் மட்டும் மாறாது, இரண்டிலும் அதே 29தான். அதனால் சதவீதத்தை நீங்களே போட்டுப் பாருங்கள், அதை நம்புங்கள்.

இன்னொன்று. மேலே சொன்ன இடது விரையின் அகலத்தை 2.2க்குப் பதில் 2.4 என்றும், கனத்தை 1.8க்குப் பதில் 1.9 என்றும் ஒருவர் அளந்துவிட்டால் என்ன ஆகும்? கொள்ளளவு 11.7 ஆகி, வித்தியாசம் 18 சதவீதமாக இறங்கிவிடும். ஓரிரண்டு மில்லிமீட்டர் கைப்பிசகு, 20 சதவீதக் கோட்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளிவிடுகிறது. ஒரே ஒரு ஸ்கேனை நம்பித் தேதி குறிக்கக் கூடாது என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது இதனால்தான்.

ஐந்தாம் படி: காத்திருந்து மறுபடி அளப்பது

பருவத்தில் இரண்டு விரைகளும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. ஒன்று முந்தும், மற்றது பிறகு எட்டிப்பிடிக்கும். வெரிகோசில் இருந்தும், எந்தச் சிகிச்சையும் இல்லாமலே வித்தியாசம் குறைந்துபோகும் பையன்கள் நிறையப் பேர். எனவே குறைந்தது ஆறு மாதம் விட்டு மறுபடி அளக்க வேண்டும், வித்தியாசம் அப்படியே நிற்கிறதா, கூடுகிறதா என்று பார்க்க வேண்டும். கூடுமானவரை அதே ஸ்கேன் மையம், அதே மருத்துவர், அதே சூத்திரம்.

காத்திருப்பது சும்மா இருப்பதல்ல. ஒரு நோட்டில் தேதி, இரு பக்க அளவு, சதவீதம், எடுத்த இடம் என நான்கு பத்தி போட்டு எழுதிவையுங்கள். எங்கள் நோட்டில் முதல் ஸ்கேன் 22 சதவீதம், ஆறு மாதம் கழித்து 27, அதற்கும் பிறகு 26 என்று இருந்தது. மருத்துவரிடம் பேசும்போது அந்த ஒரு பக்கம் வேறு எல்லா விளக்கத்தையும்விடப் பயன்பட்டது.

இந்தக் காலத்தில் பையன் விளையாடலாம், ஓடலாம். கனமாக இருந்தால் தாங்கிப் பிடிக்கும் உள்ளாடை போட்டுக்கொள்ளட்டும்.

ஆறாம் படி: யாருக்கு அறுவை சிகிச்சை

ஐரோப்பிய யூராலஜி வழிகாட்டுதல்கள் சொல்லும் காரணங்களை எளிதாகச் சொன்னால் இவ்வளவுதான்: ஆறு மாத இடைவெளியில் இரு முறை அளந்தும் விரை 20 சதவீதத்துக்கு மேலோ 2 மில்லிக்கு மேலோ சிறியதாகவே இருப்பது, கைக்குத் தட்டுப்படும் வெரிகோசில் இரு பக்கமும் இருப்பது, மற்ற விரையில் ஏற்கெனவே குறை இருப்பது, விடாத வலி, வளர்ந்த பையன்களுக்கு விந்துப் பரிசோதனை சரியில்லாமல் இருப்பது.

விந்துப் பரிசோதனையைப் பொதுவாக 18 வயதை ஒட்டித்தான் யோசிப்பார்கள், அதுவும் பையன் மனமார ஒப்புக்கொண்டால். அதற்கு முன்னால் அந்த எண்களுக்கு உறுதியான அளவுகோல் கிடையாது. பெற்றோர் வற்புறுத்த வேண்டாம்.

அறுவை செய்தால் என்ன கிடைக்கும்? பின்தங்கிய விரை எட்டிப்பிடித்து வளர்வது பாதிக்கும் மேற்பட்ட பையன்களிடம் காணப்படுகிறது. எல்லோரிடமும் அல்ல. இளம் வயதில் செய்த அறுவை பிற்காலத்தில் பிள்ளைப்பேற்றைக் கட்டாயம் கூட்டும் என்று இதுவரை நிரூபணம் ஆகவில்லை. "ஆபரேஷன் செய்யாவிட்டால் பிள்ளை பிறக்காது" என்று யாராவது சொன்னால், அவர் இருக்கும் சான்றைவிட அதிகமாகப் பேசுகிறார். எழுந்து வந்து இன்னொரு மருத்துவரைப் பாருங்கள்.

ராணுவத்துக்கோ துணை ராணுவப் படைகளுக்கோ ஆளெடுக்கும் உடல்தகுதித் தேர்வில் வெரிகோசில் இருந்தால் தகுதியில்லை என்று எழுதிவிடுகிறார்கள். நம் ஊர்ப் பையன்கள் பலருக்கு இது இருப்பதே அங்கேதான் தெரியவருகிறது. மகனுக்கு அந்த ஆசை இருந்தால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஏழாம் படி: எந்த முறை

எல்லா முறைகளிலும் நோக்கம் ஒன்றே: ரத்தம் கீழே இறங்கும் சிரைகளை அடைப்பது. "அடைத்துவிட்டால் ரத்தம் எப்படித் திரும்பும்?" என்று என் மகனே கேட்டான். விந்துக் குழாயை ஒட்டிச் செல்லும் சிரைகளை விட்டுவைப்பார்கள், ரத்தம் அந்த வழியே போய்விடும்.

மைக்ரோஸ்கோப் வைத்துச் செய்வதுதான் இன்று முதலாவதாகச் சொல்லப்படும் முறை. தொடை இடுக்குக்குக் கொஞ்சம் கீழே இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீறி, சிரைகளை ஒவ்வொன்றாகக் கட்டிவிட்டு, தமனியையும் நிணநீர்க் குழாய்களையும் காப்பாற்றுவார்கள். நிணநீர்க் குழாய் அறுபட்டால் விரையைச் சுற்றி நீர் கோத்து வீங்கும், அதைத்தான் ஹைட்ரோசில் என்கிறார்கள். மைக்ரோஸ்கோப் முறையில் அது நூற்றில் ஒருவருக்குக்கூட வருவதில்லை, வெரிகோசில் திரும்ப வருவதும் மிகக் குறைவு. வயிற்றில் துளை போட்டு லேப்ராஸ்கோப்பியில் செய்யும்போது நிணநீர்க் குழாயைப் பிரித்து ஒதுக்காமல் மொத்தமாகக் கட்டினால் பத்தில் ஒருவருக்கு நீர் கோக்கலாம். பிரித்து ஒதுக்கிச் செய்தால் அந்த ஆபத்து குறைந்துவிடும். கத்தியே இல்லாமல், சிரை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்திச் சுருள் கம்பி வைத்து அடைக்கும் முறையும் உண்டு. அது பெரிய மருத்துவமனைகளில்தான் நடக்கும், கொஞ்சம் எக்ஸ்ரே கதிரும் படும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை: மைக்ரோஸ்கோப் வைத்துச் செய்வீர்களா? நிணநீர்க் குழாயைக் காப்பாற்றுவீர்களா? இந்த வயதுப் பையன்களுக்கு எத்தனை செய்திருக்கிறீர்கள்? நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்க மாட்டார்.

எட்டாம் படி: அறுவைக்குப் பின்

பெரும்பாலும் அன்றே அல்லது மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். முதல் இரண்டு நாள் துணியில் சுற்றிய ஐஸை அவ்வப்போது வைக்கலாம். தாங்கும் உள்ளாடை சில வாரம் வேண்டும். ஒரு வாரத்தில் பள்ளிக்குப் போகலாம். சைக்கிள், ஓட்டம், கால்பந்து, தண்ணீர்க்குடம் தூக்குவது எல்லாம் மூன்று நான்கு வாரத்துக்கு வேண்டாம். மருத்துவர் வேறு நாள் கணக்குச் சொன்னால் அதையே பிடியுங்கள். காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வீக்கம், காயத்தில் சீழ் இருந்தால் காத்திருக்காமல் காட்டுங்கள்.

சிரைகள் தையல் பிரித்ததும் மறைந்துவிடாது. கொஞ்ச மாதம் தடிப்பாகவே தட்டுப்படலாம், பையனிடம் முன்பே சொல்லிவையுங்கள். நீர் கோப்பது ஏதாவது வந்தால் சில மாதம் கழித்தும் வரலாம். ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும் ஸ்கேன் எடுத்து அதே நோட்டில் எழுதுங்கள். எங்கள் பக்கத்தில் 26க்குக் கீழே 19, அதற்கும் கீழே 11 என்று வந்தது. இன்னும் இரண்டும் சமமாகவில்லை. மருத்துவர் போதும் என்றார்.

அறுவை செய்யாமல் விட்ட பையன்களுக்கு, வளர்ச்சி முடியும்வரை வருடத்துக்கு ஒரு முறை அளவு எடுத்தால் போதும். 18 ஆனதும், அவன் விரும்பினால், இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டு விந்துப் பரிசோதனை செய்துகொள்ளலாம். மில்லிக்கு 1.6 கோடி விந்தணு என்பது உலக சுகாதார நிறுவனம் 2021இல் தந்த கீழ்வரம்பு. ஒரு முறை குறைந்தால் உடனே முடிவுக்கு வராமல் சில வாரம் கழித்து மறுபடி பாருங்கள். ஒரு விந்தணு உருவாகி முடிய இரண்டரை மாதம்போல ஆகிறது, நடுவில் ஒரு டெங்குக் காய்ச்சல் வந்திருந்தால்கூட எண்ணிக்கை இறங்கும்.

அந்த வயதில் நோட்டையும் ஸ்கேன் படங்களையும் ஒரு கவரில் போட்டு அவன் கையிலேயே கொடுத்துவிடுங்கள். ஸ்கேன் தாளில் எழுத்து நாளாக நாளாக மங்கிவிடலாம், அதற்கு முன் போனில் படம் எடுத்துவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.